நான் எழுதாமல் விட்ட பெயர்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் மில்லில் எல்லோரும் அவரவர் மிஷினைத் துடைப்போம். நாங்கள் துடைப்பது கண்ணுக்குத் தெரிகிற இடம் வரைக்கும்தான். அக்கா அப்படியல்ல. கழிவுப் பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு, தரையில் மண்டி போட்டு, மிஷினின் காலுக்கும் காலுக்கும் இடையில் கையை விட்டுத் துடைப்பாள். பள்ளிக்கூடம் அனுப்பும் முன் பிள்ளையின் காதுமடலுக்குப் பின்னால் தேய்த்துவிடுவது மாதிரி இருக்கும். “அந்த மூலையில ஆரு வந்து பாக்கப் போறாங்கக்கா?” என்று நான் கேட்டால், “கொழந்தைக குட்டையா இருக்கும் அம்முணி. அதுக கண்ணுக்குக் கீழ இருக்கறதுதான் மொதல்ல தெரியும்” என்பாள். சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள். தலையெல்லாம் பஞ்சு படிந்திருக்கும். அதைத் தட்டிவிடக்கூட நேரம் ஒதுக்கமாட்டாள்.

அக்கா என்று நான் சொல்வது கூடப் பிறந்தவளை அல்ல. ஐந்தாம் நம்பர் மிஷின் எனக்கு, ஆறாம் நம்பர் அவளுக்கு. நூல் நூற்கிற மிஷின்கள். வரிசையாகக் கதிர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், எங்கே இழை அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். பதினோரு வருஷம் இரண்டு மிஷினுக்கும் நடுவிலிருந்த சந்தில் முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு நடந்தோம். மிஷின் ஓடும்போது பேச்சு என்பதே கிடையாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கைஜாடை. அக்காவின் குரலைக் கேட்டதைவிட அவள் வாய் அசைவதைப் பார்த்ததுதான் அதிகம். அதனாலோ என்னவோ, இன்றைக்கு அவள் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, குரல் சரியாக வருவதில்லை. எனக்கு அது பெரிய ஏக்கம்.

மில் மூடிக் கிடந்த வருஷங்களில் நான் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகிற பஸ்ஸில் ஏறினால் வேண்டுமென்றே எதிர்ப் பக்கத்து ஜன்னலில் உட்காருவேன். கூரையில் அரசமரம் முளைத்துவிட்டது, பாம்புக்குப் பயந்து ஆடு மேய்ப்பவர்கள்கூட உள்ளே போவதில்லை என்று சொன்னார்கள். பிறகு யாரோ அதைக் குத்தகைக்கு எடுத்தார்கள். செங்கல்லைச் சுரண்டி வார்னிஷ் அடித்தார்கள், பாரம்பரிய ஆலை என்று பலகை மாட்டினார்கள், டிக்கெட் போட்டார்கள். சனி ஞாயிறுகளில் சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கார் காராக ஜனம் வந்தது. என் சின்ன மகள்தான் ஒரு நாள் வம்படியாக என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாமியார் வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் தனிக் கதை. உள்ளே போனதும் வாய் சும்மா இருக்கவில்லை. நூல் சுற்றுகிற பாபின் ஏற்றிப் போகிற தள்ளுவண்டியில் பூச்செடி வைத்திருந்தார்கள். பஞ்சு மூட்டை இறக்குகிற மேடையில் கல்யாணம் ஆகப் போகிற ஜோடி ஒன்றை நிற்கவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு நிமிஷம் நின்றால் எங்களை மேஸ்திரி கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். “ஏனுங், இது எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு? அது எதுக்குன்னு தெரியுமா?” என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். கோபம் என்று நினைத்துத்தான் கத்தினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. எங்கிருந்தோ ஓடிவந்த மேனேஜர் தம்பி, அமைதியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அம்மா, இதையெல்லாம் வர்றவங்களுக்கு நீங்களே சொல்லுங்களேன்” என்றான். திட்டப் போன இடத்தில் வேலை கிடைத்தது எனக்குத்தான் இருக்கும்.

அப்படித்தான் அறுபது வயதை நெருங்குகிற நேரத்தில் மறுபடியும் அதே கேட்டுக்குள் போய்வர ஆரம்பித்தேன். முன்பு ஷிப்டு, இப்போது கூட்டம். ஒவ்வொரு கூட்டத்தையும் அழைத்துப்போய் பஞ்சு எங்கே வந்து இறங்கும், நூல் எங்கே போகும் என்று சொல்ல வேண்டும். ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். எங்கள் மிஷின்களெல்லாம் மில் மூடிய அடுத்த வருஷமே பழைய இரும்புக்குப் போய்விட்டன. இப்போது கூடத்தில் நிற்கிற இரண்டும் வேறெங்கிருந்தோ வாங்கிவந்து பச்சைப் பெயிண்ட் அடித்தவை. பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை அழுத்தினால் மிஷின் ஓடுகிற சத்தம் ஒலிபெருக்கியில் வரும், கதிர் ஒன்றும் சுற்றாது. “இதுதான் அந்த ஆறாம் நம்பர்னு சொல்லுங்கம்மா, அப்பத்தான் கேக்கறவங்களுக்கு ஒட்டும்” என்றான் மேனேஜர் தம்பி. நானும் சொன்னேன். முதல் நாள் நாக்கு இழுத்தது, ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

மிஷினைச் சொன்னால் அக்காவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளைச் சொன்னால் ஆயுத பூஜையையும் சொல்ல வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மில் கதவு குடும்பத்துக்குத் திறக்கும். மற்ற நாட்களில் புருஷன் செத்துப்போனான் என்று சொல்லி அனுப்பினாலும் ஆள் கேட்டோடு நிற்க வேண்டியதுதான். பூஜையன்று மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, பெண்டு பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுவோம். பூஜை முடிந்ததும் எல்லா மிஷினையும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துவார்கள். அந்த ஒரு சுற்றுக்குப் பொத்தானை அழுத்துவது அந்தந்த வீட்டுப் பிள்ளைதான். எங்கள் மில் வழக்கம் அது. அம்மா எங்கே போகிறாள், ஏன் ராத்திரி திரும்பி வந்து காது கேளாதவள் மாதிரி கத்திப் பேசுகிறாள் என்பதெல்லாம் அந்த நாளில்தான் பிள்ளைகளுக்குப் புரியும்.

ஒரு வருஷம் ஊர்ச்சனம் எல்லாம் உள்ளே புகுந்து தள்ளுமுள்ளு ஆகிவிட்டதால், பிறகு பெயர்ப் பட்டியல் வந்தது. யார் வீட்டிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாட்ச்மேன் உள்ளே விடுவார். எங்கள் வரிசைக்குப் பட்டியல் எழுதுவது நான். பத்தாவது வரைக்கும் படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும்.

அக்காவுக்குப் பெயர் கொடுக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. கட்டியவன் வாழப்பாடிக்காரன். வேறொருத்தியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அக்காவை அனுப்பிவிட்டான். பெண் குழந்தையைக் கொடுக்கமாட்டேன் என்று அவன் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அக்கா வருஷத்துக்கு ஒரு தடவை, பூஜைக்குச் சில நாள் முன்பு, வாழப்பாடிக்கு பஸ் ஏறுவாள். வீட்டுப் பக்கம் போகமாட்டாள். பள்ளிக்கூட வாசலில் நின்று மகளைப் பார்ப்பாள். “பூசைக்கு வா சாமி. உம்பேர எழுதி வெக்கறேன். நீதான் வந்து பொத்தான அமுக்கோணும்” என்று சொல்லிவிட்டு வருவாள். திரும்பி வந்ததும் என்னிடம் பெயர் கொடுப்பாள். நான் எழுதுவேன். பிறகுதான் அந்தத் துடைப்பு, அந்த மண்டியிடல் எல்லாம். மகள் ஏறி நின்று பார்க்க ஆபீசிலிருந்து ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி வைத்திருப்பாள். மகள் வரமாட்டாள். வீட்டில் விடமாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் கேட் பக்கம் பார்த்துக்கொண்டே நிற்பாள், பொரி கடலையைத் தொடமாட்டாள். கடைசியில் மேஸ்திரியே வந்து ஆறாம் நம்பர் பொத்தானை அழுத்திவிட்டுப் போவார். அதற்குப் பிறகு அக்கா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ஆபீசில் வைப்பாள். ஐந்தாறு வருஷம் இதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

கதை இந்த இடத்துக்கு வந்ததும் கூட்டத்தில் சிலர் கைக்குட்டையை எடுப்பார்கள். சிலர் மூக்கை உறிஞ்சுவார்கள். மேனேஜர் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. “ஜாலியா இருக்கத்தான் வர்றாங்க. முடிவு மட்டும் கொஞ்சம் சந்தோசமா இருக்கட்டும்மா” என்றான். எனக்கும் அப்படி ஒரு முடிவு கைவசம் இருந்தது, நடந்தது நடந்தபடி. ஒரு வருஷம் அக்கா பெயர் கொடுத்தாள், நான் பட்டியலில் எழுதவில்லை. பெயர் இல்லாவிட்டால் எதிர்பார்ப்பும் இருக்காது, ஒரு வருஷமாவது அவள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். பூஜையன்று காலையில்தான் அவளிடம் சொன்னேன். அக்கா கையிலிருந்த குங்குமத்தை மிஷினில் வைத்து முடித்தாள். பிறகு, “செரி, உடு சாமி” என்றாள். அன்றைக்கு அவள் கேட் பக்கம் திரும்பவில்லை. எங்களோடு உட்கார்ந்து சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிட்டாள். என் சின்ன மகளைத் தூக்கி ஸ்டூலில் நிறுத்தி ஆறாம் நம்பர் பொத்தானை அழுத்தவைத்தேன். மிஷின் கிளம்பிய சத்தத்தில் குழந்தை பயந்து அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அக்கா சிரித்தாள். “அந்தச் சிரிப்பு இன்னும் இந்தக் கூடத்துல இருக்குதுங்க” என்று நான் முடிப்பேன். மேனேஜர் தம்பி எழுதிக் கொடுத்த வரி அது. அக்கா எப்போதோ செத்துப்போயிருந்தாள், இந்த வார்னிஷ் எல்லாம் அடிப்பதற்கு முன்னாலேயே. கேட்க அவள் இல்லை என்பதில் எனக்கு ஒரு தைரியம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கடைசியில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள், முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நான் சிரிப்பு வரிக்கு வந்து முடித்ததும் மற்றவர்கள் பொத்தான் பக்கம் நகர்ந்தார்கள். அவள் நகரவில்லை.

“அந்த வருசம் பேர எழுத வேண்டாம்னு அவங்க சொன்னாங்களா, நீங்களா விட்டுட்டீங்களா?” என்று கேட்டாள்.

யார் இவள், இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறாள் என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். புருவம் சேர்கிற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. பதினோரு வருஷம் எதிரே வைத்துப் பார்த்த புருவம் அது.

“நான் அவங்க பொண்ணு” என்றாள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாளாம். யாரோ எடுத்துப் போட்ட வீடியோவில் நான் பேசுவதைக் கண்டிருக்கிறாள். ஆறாம் நம்பர், வாழப்பாடி என்று காதில் விழுந்ததும் விடுப்பு சொல்லிவிட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“அந்த வருசம் நான் வந்தேன்” என்றாள். “எனக்குப் பதினாலு வயசு. ஸ்பெஷல் கிளாஸ்னு வீட்ல பொய் சொல்லிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தேன். கேட்ல இருந்த தாத்தா லிஸ்ட ரெண்டு தடவை பாத்தாரு. உம்பேரு இல்லையே கண்ணு, போன வருசமெல்லாம் இருந்துச்சேன்னாரு. பூஜை முடிஞ்சு அவங்க வெளிய வருவாங்க, நில்லுன்னாரு. நின்னேன். அப்புறம் மிஷின் ஓடற சத்தம் கேட்டுச்சு. அம்மா வேற யாரோ கொழந்தைய அழுத்த விட்டுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அதுக்கப்புறம் அவங்க ஸ்கூல் வாசலுக்கு வந்தா நான் பின்வாசல் வழியாப் போயிருவேன். அவங்களே பேர எடுத்துட்டாங்க, அப்புறம் எதுக்கு வந்து நிக்கறாங்கன்னு ஆத்திரம்.”

அவள் குரல் ஏறவே இல்லை. மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று நோயாளியிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பூஜைக்கு முன்பு வாழப்பாடிக்குப் போய்விட்டு அக்கா வெறுமனே திரும்பி வந்த வருஷங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. “பாத்தீங்களாக்கா?” என்று நான் ஜாடையில் கேட்பேன். இல்லை என்று தலையசைப்பாள். ஏன் என்று ஒரு தடவைகூட அவளுக்குப் புரிந்திருக்காது. எனக்கும் புரியவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டது, வெட்கமாக இருக்கும் என்று நானே ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறேன்.

“உங்கம்மா எடுக்கல சாமி” என்றேன். “அவங்க குடுத்தாங்க. ஒரு வருசங்கூடத் தவறாமக் குடுத்தாங்க. எழுதாம விட்டது நான். அவங்களைக் கேக்கக்கூட இல்ல. அவங்க காத்துக் கெடக்கறதப் பாக்க என்னால முடியல, அதனால விட்டேன். அன்னைக்கு அந்தப் பொத்தான அமுக்குனது என்ற புள்ள.” சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மில்லில் வேலை செய்தவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பொத்தான் பக்கம் போயிருந்தவர்கள் திரும்பி வந்து எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பேசி முடித்ததும் யாரோ ஒருவர் கை தட்டினார், உடனே எல்லோரும் தட்டினார்கள். இதையும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்? நான்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறேன். சாயங்காலம் மேனேஜர் தம்பிகூட, இனிமேல் இதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அவனை அன்றைக்குப் பேசிய பேச்சில் ஒரு வாரம் என் பக்கம் வரவில்லை. மிஷினைப் பற்றி மட்டும்தான் இப்போது சொல்கிறேன். அக்காவை நான் கூட்டத்துக்குச் சொல்வதில்லை.

கை தட்டியவர்கள் கலைந்து போனார்கள். அவள் மிஷினருகே போய் இரும்பின்மேல் கையை வைத்தாள். வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொரு பொய்யை அவள் தலையில் கட்ட என்னால் முடியாது. “இது அது இல்ல கண்ணு” என்றேன். “பெயிண்ட் அடிச்சு நிறுத்தி வெச்சிருக்கறாங்க. வா, காட்டறேன்.” அவள் கையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். உண்மையான ஆறாம் நம்பர் நின்ற இடத்தில் இப்போது காப்பிக் கடை. கண்ணாடி மேஜைகளுக்கு அடியில் பார்த்தால் போல்ட் அடித்த ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தது தெரியும். தூண்களின் நம்பரை வைத்து எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரியும். இங்கேதான் அக்கா நடப்பாள், இங்கே நான், திரும்பினால் முட்டிக்கொள்வோம் என்று காட்டினேன். அவள் அந்தச் சந்தை, அதாவது இரண்டு மேஜை வரிசைக்கு நடுவே உள்ள இடத்தை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். திரும்பி வந்தாள். காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள்.

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, “அம்மா எம்பேரச் சொல்லுவாங்களா?” என்று மட்டும் கேட்டாள். “எப்படிச் சொல்லுவாங்க?”

மிஷின் ஓடுகிற சத்தத்தில் பெயரைச் சொல்லி என்ன ஆகும்? பட்டியல் எழுதுகிற நாளில் அக்கா மிஷின்களுக்கு நடுவிலிருந்த சந்தைத் தாண்டி வந்து என் இடது கையைப் பிடித்து விரிப்பாள். ஆள்காட்டி விரலால் மகள் பெயரை உள்ளங்கையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதுவாள். ஒரு எழுத்து எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையாட்டினால்தான் அடுத்த எழுத்து. எனக்கு அந்தப் பெயர் மனப்பாடம். அது அவளுக்கும் தெரியும். இருந்தும் வருஷா வருஷம் முழுசாக எழுதுவாள். அந்த வருஷமும் எழுதினாள். நான் ஒவ்வொரு எழுத்துக்கும் தலையாட்டினேன். இதை நான் எந்தக் கூட்டத்துக்கும் சொன்னதில்லை. என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன்.

அவள் தோள்பையை இறக்கி மேஜைமேல் வைத்தாள். இடது கையை என் பக்கம் நீட்டி விரித்தாள்.

நான் எழுதினேன். ஒரு எழுத்து எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். அடுத்த எழுத்தை எழுதினேன். பெயர் முடிந்த பிறகும் அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

“இன்னொரு தடவை எழுதுங்க” என்றாள்.

வெளியே அடுத்த கூட்டத்துக்கு மணி அடித்தார்கள். நான் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன்.